அடிமை, தீவாந்தரம், சஞ்சி: சிங்கப்பூரை நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து வந்திருந்த மாமா ஒரு சாயங்காலம் போட் கீ படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, இது துறைமுகப் பட்டணமாச்சே. அடிமைகளை எந்த இடத்தில் வைத்து விற்றிருப்பார்கள்?" இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. எந்தக் கடையில் புளி மலிவு என்று தெரியும், எந்த எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கூட்டம் குறைவு என்று தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. "சிங்கப்பூரில் அதெல்லாம் இல்லை மாமா" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு.

அதற்கப்புறம் காசு கொடுத்தும் கொடுக்காமலும் பல நடைகளில் சேர்ந்தேன். பிறகு நண்பர்களை நானே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். புதிதாக வந்து இறங்கியிருப்பவர்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு என்று இருப்பவர்கள், எங்கே தொடங்கி எப்படி நடக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு ஈசி-லிங்க் பயண அட்டை, ஒரு குடை, இரண்டு அரைநாள் இருந்தால் போதும்.

முதலில் நான்கு சொற்கள்

வீட்டை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியது இதுதான். வழிகாட்டிகள் பேசும்போது அடிமை, கைதி, கூலி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். கேட்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். நம் மொழியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி நடை முடிந்த மாதிரி.

அடிமை என்றால் விற்கவும் வாங்கவும் கூடிய ஆள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கும்பினியின் கொடி ஏறியது 1819இல். ஆக, இங்கே அடிமை வணிகம் முதல் நாளிலிருந்தே சட்டவிரோதமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. முதல் ரெசிடென்ட், அதாவது கும்பினியின் நிர்வாக அதிகாரி, வில்லியம் ஃபார்க்குவர் அதைக் கண்டும் காணாமல் விட்டார். சுலாவேசித் தீவின் பூகிஸ் வணிகர்களின் படகுகள் மற்றச் சரக்கோடு ஆட்களையும் கொண்டுவந்தன. கும்பினிக்காக இந்த ஊரைத் தொடங்கிய ராஃபிள்ஸ் திரும்பி வந்து 1823இல் அடிமை வணிகத்துக்கு எதிராக ஒழுங்குவிதி போட்டார். 1819 ஜனவரிக்குப் பிறகு இங்கே கொண்டுவரப்பட்ட யாரையும் அடிமையாகக் கருதக்கூடாது என்றது அது. அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் பேரரசு முழுக்க அடிமைமுறையை ஒழித்ததாகப் பேசப்படும் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தில், கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. சிங்கப்பூர் அப்போது கும்பினியின் கையில். கும்பினிப் பகுதிகளுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது.

தீவாந்தரம் என்றால் நாடு கடத்தும் தண்டனை. "அவன் தீவாந்தரம் போனவன்" என்று கிழவிகள் பேசிக் கேட்டிருப்பீர்கள். நம்மில் பலருக்கு அந்தமான் மட்டும்தான் நினைவுக்கு வரும். அந்தமானுக்கு முன்பு பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இங்கே உழைத்தார்கள்.

சஞ்சி என்பது ஒப்பந்தம். மலாய் மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல் நம் வாயில் சஞ்சி ஆகி, சஞ்சிக்கூலி என்று நிலைத்தது. கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் முதலாளி தருவார். அதற்கு ஈடாக இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும். இடையில் ஓடினால் சிறை. மலாயாவுக்கு இந்தியர்களை இப்படிக் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது.

நான்காவது கங்காணி. கண்காணி என்ற சொல்லிலிருந்து வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு தமிழரே ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிவருவார். எழுதிய ஒப்பந்தம் இல்லை, ஆனால் கடன் இருந்தது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது ஓடியது.

இந்த நான்கையும் அடிமைத்தனம் என்ற ஒரே சொல்லில் போட்டு மூடுவதை நான் ஏற்பதில்லை. கைதிக்குத் தண்டனைக் காலம் இருந்தது, சஞ்சிக்கூலிக்கு ஒரு கெடு இருந்தது. அடிமையின் பிள்ளையும் அடிமை. அதேபோல, "இவர்கள் விரும்பி வந்தவர்கள்" என்று ஒரே வரியில் கடந்து போவதும் சரியில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆள் நாளைக் காலை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எந்த நடையில் சேர்வது

'அடிமை வரலாற்று நடை' என்று பலகை போட்டுக்கொண்டு யாரும் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூர் ஆறு, சைனாடவுன், பிராஸ் பாசா, கம்போங் கிளாம், இந்தியக் கைதிகள் என்ற தலைப்புகளில் நடக்கும் நடைகளுக்குள் இது ஒளிந்திருக்கும். மூன்று வழி இருக்கிறது. கட்டணம் வாங்கும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் ஒன்று. அரும்பொருளகங்களில் தொண்டூழியர்கள் நடத்தும் சுற்றுகள் இரண்டாவது. இவற்றில் பல இலவசம். மூன்றாவது, தேசிய மரபுடைமைக் கழகத்தின் மரபுடைமைத் தடக் கையேடுகளை இணையத்தில் இறக்கிக்கொண்டு நாமே நடப்பது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது நிகழ்ச்சிப் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள். தமிழில் மரபுடைமை நடை இருந்தால் விடாதீர்கள்.

பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: எந்தெந்த இடங்களில் நிற்பீர்கள், எத்தனை பேர் வருவார்கள், இந்தியக் கைதிகளைப் பற்றிப் பேசுவீர்களா. மூன்றாவது கேள்விக்கு, அந்தக் கைதிகள் கட்டிய "ஓ, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்!" என்று உடனே பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். இருபது பேருக்கு மேல் உள்ள கூட்டத்தில் நான் இப்போது சேர்வதில்லை. சாலைச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

இன்னொன்று. சிங்கப்பூரில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்ட, பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். வழிகாட்டி அட்டையைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். நாளைக்கு நீங்களே நாலு நண்பர்களை அழைத்துப் போனால் டீ செலவை அவர்கள் தலையில் கட்டலாம், கட்டணம் மட்டும் வாங்காதீர்கள்.

நான் முதலில் போன ஆற்றங்கரை நடையைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்தோம். அடிமை என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது: "ராஃபிள்ஸ் அடிமை வணிகத்தை ஒழித்தார், அடுத்து இந்தப் பாலம்." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒழிக்கும் அளவுக்கு இங்கே என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்குக் கேள்வி பிடிக்கும்.

கிளம்பும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை 7.30க்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், மற்ற மாதங்களிலும் மத்தியான இடி மழை சொல்லாமல் வரும். பழைய கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது கூரை போட்ட நடைபாதை, இருக்கும் தெருக்களில் ஒதுங்கிக்கொள்ளலாம். கோயில், தர்கா, பள்ளிவாசல் எல்லாம் வழியில் வருவதால் சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பும், முழங்காலை மூடும் உடையும் வசதி. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் பார்வையாளராகப் போக வேண்டாம், அது தொழுகை நேரம்.

முதல் நடை: ஆற்றிலிருந்து பகோடா தெருவுக்கு

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியில் இறங்கி, கேவனா பாலம் வழியாக ஆற்றைக் கடந்து, வெள்ளை ராஃபிள்ஸ் சிலை இருக்கும் இடத்துக்கு வாருங்கள். எல்லோரும் சிலையைப் படம் பிடிப்பார்கள். நீங்கள் ஆற்றுக்கு முகம் காட்டி நில்லுங்கள். மாமாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான். அடிமைகளை விற்பதற்குத் தனியாகக் கட்டடமோ மேடையோ தேவைப்படவில்லை. படகே கடையாக இருந்தது. வாங்குபவர் படகுக்குப் போனார், இல்லையென்றால் ஆட்கள் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நினைவுப் பலகை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இது நமக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர் ஒருவர் எழுதி வைத்தார். அவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர், ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் மணம் முடித்தவர். மலாக்காவில் வணிகர்களின் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்ததால் அப்துல்லாவும் தமிழ் படித்தார். பூகிஸ் படகுகளில் வந்த ஆண்களையும் பெண்களையும் ஆடுமாடுபோல விற்றதை நேரில் கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாங்கியவர்களில் சீனர்கள் நிறைய இருந்தார்கள். குடியேறிய சீனர்களிடையே பெண்கள் மிகக் குறைவு என்பதால், பாலியிலிருந்தும் சுலாவேசியிலிருந்தும் வந்த பெண்களை விலைக்கு வாங்கினார்கள். ஊர் தொடங்கி 200 ஆண்டு நிறைவை 2019இல் குறித்தபோது, இதே இடத்தில் ராஃபிள்ஸ் பக்கத்தில் அப்துல்லாவுக்கும், மாரியம்மன் கோயிலைத் தொடங்கிய நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். சில நாளில் எடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் வெள்ளையாக நீண்டு கிடக்கும் கட்டடம் ஆசிய நாகரிக அரும்பொருளகம். 1860களில் நீதிமன்றத்துக்காகத் தொடங்கிய கட்டடம், கட்டியது இந்தியக் கைதிகள். ஒரு குற்றவாளிக் கூட்டம் நீதிமன்றத்துக்குச் செங்கல் அடுக்கியதை நினைத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ஆற்றோரம் வெண்கலச் சிலைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் செட்டியார் கணக்கு எழுதுகிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்றில் வெள்ளைக்கார வணிகர் சீன வணிகரோடும் மலாய்த் தலைவரோடும் பேசிக்கொண்டு நிற்க, பின்னால் சீனக் கூலியும் இந்தியக் கூலியும் மூட்டை ஏற்றுகிறார்கள். குழந்தைகளோடு போனால் "இதில் யாருக்குப் பேர் இருக்கு, யாருக்கு இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட உடனே பிடிபடும்.

போட் கீயைத் தாண்டிச் சூலியா தெரு. 1921 வரை இதன் பெயர் கிளிங் தெரு. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கிளிங் என்ற சொல், காலப்போக்கில் நம்மவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் பெயரை மாற்றினார்கள். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். அடுத்து மார்க்கெட் தெரு, செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகள் இருந்த இடம். இன்று ஒரு கிட்டங்கியும் இல்லை, கண்ணாடிக் கோபுரங்கள்தான். இங்கே ஒரு நிமிடம் நின்று, சொல்லக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழர்கள் இந்தக் கதையில் மூட்டை தூக்கியவர்கள் மட்டுமில்லை. கடன் கொடுத்தவர்களும் நாம், ஆள் பிடித்த கங்காணியும் நாம், கூலிகளை வரிசையில் நிறுத்திய தண்டல் என்ற மேற்பார்வையாளரும் நாம். இதை விட்டுவிட்டு நடக்கிற நடை பாதி நடைதான்.

அப்படியே தெலுக் ஆயர் தெருவுக்கு வாருங்கள். தெலுக் என்றால் விரிகுடா. கடலைத் தூர்ப்பதற்கு முன்பு இந்தத் தெருவோரம்தான் அலை அடித்தது. அதனால்தான் அக்கரைச் சீமைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நன்றி சொல்லும் இடங்கள் எல்லாம் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையில் தென்னிந்திய முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பியது. சற்றுத் தள்ளி சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், கடல் தெய்வத்துக்கு. அதற்கும் அப்பால் அல்-அப்ரார் பள்ளிவாசல், 1827இல் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப்பள்ளி என்று பெயர். தர்காவுக்குள் இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. சின்ன இடம்தான், உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்த அழகான தெரு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கூலி வணிகத்தின் வாசலாகவும் இருந்தது. முறை இதுதான். கட்டணம் கட்டாமல் கப்பல் ஏறியவரை, யாராவது ஒரு முதலாளி கட்டணத்தைக் கட்டி மீட்கும்வரை கப்பலிலோ கூலிக் கிடங்கிலோ அடைத்து வைப்பார்கள். அப்புறம் அவர் அந்தக் கடனுக்கு உழைக்க வேண்டும். பலர் இங்கே இறங்கியது வேறெங்கோ போவதற்கு: சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு, மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கு. இப்படி விற்கப்பட்டவர்களைச் சீனர்களே 'பன்றிக்குட்டி' என்று அழைத்தார்கள். ராஃபிள்ஸ் 1823ஆம் ஆண்டு விதியிலேயே, பயணக் கடன் 20 டாலரைத் தாண்டக்கூடாது, அதற்காக வயது வந்தவர் உழைக்கும் காலம் 2 ஆண்டைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தார். காகிதத்தில் இருந்தது. சீனர் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று வந்து, வில்லியம் பிக்கரிங் கப்பல்களில் ஏறி விசாரிக்கத் தொடங்கியது 1877இல். நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது.

இங்கிருந்து பகோடா தெருவுக்குப் பத்து நிமிட நடை. தெருவின் பெயரில் இருக்கும் பகோடா நம் மாரியம்மன் கோயில் கோபுரம்தான். ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில். புதிதாக இறங்கிய தமிழர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை இங்கேதான் ஒதுங்கினார்கள். கோயிலை ஒட்டிய இந்தத் தெருவிலேயே கூலிக் கிடங்குகள். 37ஆம் எண்ணில் இருந்த குவாங் ஹப் யூன் என்ற கிடங்கின் பெயரையே சீனர்கள் இந்தத் தெருவுக்கு வைத்தார்கள். இன்று அங்கே காந்தப் பொம்மையும் சாவிக்கொத்தும் விற்கிறார்கள். 48ஆம் எண்ணில் உள்ள சைனாடவுன் மரபுடைமை நிலையத்தில் பழைய அறைகளை அப்படியே அமைத்துக் காட்டுவார்கள். திறந்திருக்கும் நேரத்தைப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் தாங்கினால் நீல் சாலை முனையில் 1903இல் கட்டிய ரிக்‌ஷா நிலையத்தையும் பார்த்துவிட்டு, மேக்ஸ்வெல் உணவங்காடியில் நடையை முடிக்கலாம். மொத்தம் மூன்று கிலோமீட்டர் போல இருக்கும். நின்று பேசிப் போனால் மூன்று மணி நேரம்.

இரண்டாம் நடை: சுண்ணாம்பும் செங்கல்லும்

இதை வேறொரு நாளுக்கு வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கிறேன் என்று கிளம்பிய நண்பர் ஒருவர் பிராஸ் பாசாவில் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார்.

சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து வெளியே வந்தால் எதிரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் இது, காரணம் அதன் சுவர். 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் முறைப்படி அர்ப்பணித்த இந்தக் கட்டடத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். பூச்சுக்குப் பெயர் மெட்ராஸ் சுண்ணாம்பு. செய்முறை பதிவாகியிருக்கிறது: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை. இவற்றைக் குழைத்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலக்குவார்கள். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். ஆங்கிலேயக் கோதிக் பாணித் தேவாலயத்துக்குள் நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம். உள்ளே போய்த் தூண் அருகில் நின்று பாருங்கள். வழிபாட்டு நேரம் என்றால் வெளியே காத்திருங்கள்.

இதே இடத்தில் இருந்த முந்தைய தேவாலயத்தை இடி தாக்கியதால் மூடிவிட்டார்கள். அப்போது ஊரில் ஒரு புரளி கிளம்பியது. தேவாலயத்தில் பேய் புகுந்துவிட்டது, அதைச் சாந்தப்படுத்த மனிதத் தலை வேண்டும், தலை வெட்டக் கைதிகளை ராத்திரியில் அனுப்புகிறார்கள் என்று. ஜனங்கள் இருட்டில் வெளியே போகவே பயந்தார்கள். ஊரையே கட்டிய ஆட்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு பிராஸ் பாசா சாலையில் நடங்கள். கைதிகளின் சிறை இந்தப் பகுதியில்தான் இருந்தது. பக்கத்தில் பென்கூலன் தெரு. பென்கூலன் என்பது சுமத்ராவில் கும்பினி வைத்திருந்த துறைமுகம். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது டச்சுக்காரர்களுக்குப் போனதால், அங்கிருந்த இந்தியக் கைதிகளை 1825 ஏப்ரலில் இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் மதராஸ் கைதிகள் 80 பேர், ஒரு வாரம் கழித்து வங்காளக் கைதிகள். அந்தக் காலத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்துவது வழக்கம். 1849இல்தான் அந்த வழக்கத்தைச் சட்டம் நிறுத்தியது.

இந்தச் சிறையின் விநோதம், கைதிகளைக் காத்ததும் கைதிகளே. நடத்தை பார்த்து ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மேலே ஏறினால் சங்கிலி கழன்றது, தண்டல் பதவி கிடைத்தது, கடைசியில் வெளியே தங்கிப் பிழைக்க அனுமதிச் சீட்டும் கிடைத்தது. உள்ளே கொத்து வேலை, தச்சு, கொல்லு மட்டுமில்லை, அச்சுக் கோக்கவும் புகைப்படம் எடுக்கவும்கூடக் கற்றார்கள். கண்காணிப்பாளராக இருந்த மேக்நேர் வரைந்த திட்டப்படி இஸ்தானா மாளிகையையும் 1867–69இல் கட்டினார்கள். சில பொது விடுமுறை நாட்களில் இஸ்தானா வாசலைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். தீபாவளிக்குத் திறந்தால் போய்வாருங்கள், நம் பண்டிகையன்று நம் ஆட்கள் கட்டிய வீட்டைப் பார்ப்பது ஒரு தனி உணர்வு. 1873இல் சிறை மூடப்பட்டது. மிச்சம் இருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலையானவர்களில் சிலர் இங்கேயே குடும்பம் நடத்தினார்கள்.

பூகிஸ் ஜங்ஷனுக்குள் குளிருக்காகவாவது நுழைவீர்கள். கண்ணாடிக் கூரை போட்ட அந்தத் தெருக்களின் பழைய பெயர்ப்பலகைகளைப் படியுங்கள்: மலாய் தெரு, ஹைலாம் தெரு, மலபார் தெரு. ஒரு காலத்தில் ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட இளம்பெண்கள் இந்தத் தெருக்களின் விடுதிகளில் கடனுக்கு அடைபட்டுக் கிடந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு அதை நிறுத்தியது. அவர்களில் பலர் ஹவ்காங் பக்கம் உள்ள ஜப்பானியக் கல்லறைப் பூங்காவில் இருக்கிறார்கள். சீனச் சிறுமிகளை வேலைக்கென்று விலைக்கு வாங்கும் முய் சாய் வழக்கத்துக்கு எதிரான சட்டம் 1930களில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் தாத்தா பாட்டி காலம்.

அங்கிருந்து கம்போங் கிளாம். சுல்தான் ஹுசேனின் அரண்மனை வளாகத்திலிருந்து, அடித்தும் சூடு போட்டும் கொடுமைப்படுத்திய தழும்புகளோடு, இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் தப்பி ஓடிவந்து முறையிட்ட சம்பவம் 1820களில் நடந்தது. அப்போது ரெசிடென்ட்டாக இருந்த ஜான் கிராஃபோர்ட் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். இன்று அங்கே நிற்பது அப்புறம் கட்டிய மாளிகை, மலாய் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. புஸ்ஸோரா தெருவில் ஹஜ் பயணிகள் தங்கிய விடுதிகள் இருந்தன. பணம் தீர்ந்துபோன ஜாவா யாத்திரிகர்கள், கடனை அடைக்கத் தோட்ட வேலைக்குக் கைநாட்டு வைத்ததும் உண்டு.

தேக்காவில் முடிப்பது

நேரமிருந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு நடந்து போய்விடுங்கள், இல்லையென்றால் பேருந்து. சிராங்கூன் சாலைப் பகுதிக்குப் பழைய தமிழர்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். கைதிகளின் செங்கல் சூளையும் இந்தச் சாலையில்தான் இருந்தது. ஆக, காலையில் தேவாலயத்தில் பார்த்த சுவருக்கும் இந்தத் தெருவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது. குடியேற்ற வரலாற்றுக்கு அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை, மற்றவர்கள் வாசலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை போனால் ஒன்று கவனியுங்கள். புல்வெளியிலும் அஞ்சடியிலும் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் தொழிலாளத் தம்பிகளைக் காட்டி, "இதோ இன்றைய கூலிகள்" என்று விளக்கம் சொல்லும் நடையில் நான் ஒருமுறை இருந்தேன். அந்தத் தம்பிகளுக்குத் தமிழ் புரியும் என்பது சொன்னவருக்கு மறந்துபோயிற்று. அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, நான் ஏஜெண்டுக்குக் கட்டினதை நீங்க கேட்டா சொல்றேன், கூலின்னு சொல்லாதீங்க" என்றார். அன்றைக்கு அந்த வழிகாட்டியைவிட அவரிடம் கற்றது அதிகம். கேட்டுப் பேசுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

சஞ்சிக்கூலிகளும் மற்றக் குடியேறிகளும் தனிமைப்படுத்தப்பட்ட செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து படகு இருக்கிறது. 1874இல் தொடங்கிய தனிமைப்படுத்தல் நிலையம் அது. சாப்பாடு கட்டிக்கொண்டு ஒருநாள் போகலாம்.

நடக்க முடியாத நாட்களில் தேசிய நூலகம் இருக்கவே இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழர்கள் பேசிய நேர்காணல்கள் உண்டு, துறைமுகத்திலும் நகராட்சியிலும் வேலை செய்தவர்களின் குரலையே கேட்கலாம். நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஏடுகளை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடிப் படிக்கலாம். தேடும்போது 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் குறைவாகத்தான் வரும். சூலியா தெருவில் நினைவில் வைக்கச் சொன்னேனே, கிளிங் என்ற அந்தச் சொல்லை அடியுங்கள். பெயர்களையும் அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் முத்துசாமியை நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டியிருக்கும்.